பக்கத்து நாட்டுச் சான்றிதழை எப்படி நம்புகிறார்கள்?

கேள்வி இது: “ஐரோப்பாவில் பக்கத்துப் பக்கத்து நாடுகள் கல்வியிலும் தொழிற்பயிற்சியிலும் சேர்ந்து கொள்கை வகுக்கின்றன என்கிறார்கள். அப்படியென்றால் எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டமா? ஒரு நாட்டில் படித்தது அடுத்த நாட்டில் எப்படிச் செல்லுபடியாகிறது? நம் தெற்காசியாவில் ஏன் இப்படி எதுவும் இல்லை?”

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. ஒரே பாடத்திட்டம் கிடையாது. அப்படி ஒன்றைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்திலேயே இடமில்லை. மற்ற இரண்டுக்கும் கொஞ்சம் விரிவாகப் போக வேண்டும். இந்த விஷயத்தில் வெளியாகும் கூட்டறிக்கைகளைப் படித்தால் ஒற்றுமை, பகிர்ந்த எதிர்காலம் என்றெல்லாம் நிறைய இருக்கும். அதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் பேச்சு இரண்டு இடத்தில்தான் முட்டி நிற்கிறது. அடுத்த நாட்டுக்காரன் கொடுத்த சான்றிதழை நான் நம்புவேனா? அவன் பிள்ளைகள் என் ஊரில் வந்து படித்தால் செலவு யார் தலையில்? இந்த இரண்டையும் பேசித் தீர்த்த இடங்களில் வண்டி ஓடுகிறது. தீர்க்காத இடங்களில் மாநாட்டில் எடுத்த குழுப்படத்தோடு சரி.

சட்டத்திலிருந்து தொடங்குகிறேன். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடித்தளமாக 1957-ல் ஆறு நாடுகள் கையெழுத்திட்ட ரோம் ஒப்பந்தத்தில் பள்ளி, கல்லூரிக் கல்விக்கென்று ஒரு கொள்கையும் இல்லை. 128ஆம் பிரிவில் தொழிற்பயிற்சி பற்றி மட்டும் ஒரு வரி உண்டு: பொதுவான கொள்கைக்கு அடிப்படைகளை வகுக்க வேண்டும் என்று. தொழிலாளிகள் எல்லை தாண்டி வேலைக்குப் போவார்கள், அவர்களின் திறமைக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்ற கணக்கு அது. 1963-ல் பத்துக் கொள்கைகளை எழுதி வைத்தார்கள். பெரும்பாலும் காகிதத்திலேயே கிடந்தன. 1975-ல் தொழிற்பயிற்சி வளர்ச்சிக்கென்று செடெஃபாப் என்ற மையத்தை மேற்கு பெர்லினில் தொடங்கினார்கள். அது 1995-ல் கிரீஸின் தெசலோனிகிக்குப் போனது, இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டுதான் கல்வி முழுவதும் பின்வாசல் வழியாக உள்ளே வந்தது. வழி திறந்துவிட்டவர் ஒரு காமிக்ஸ் மாணவி. பிரான்சுவாஸ் கிராவியே என்ற பிரெஞ்சுப் பெண், பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் உள்ள அரச நுண்கலைக் கழகத்தில் சித்திரக்கதை வரையப் படித்துக்கொண்டிருந்தார். 1982-83 கல்வியாண்டுக்கு அவரிடம் 24,000 பெல்ஜிய பிராங்குக்கு மேல் கட்டச் சொன்னார்கள். வெளிநாட்டு மாணவர் கட்டணம். பக்கத்து இருக்கையில் இருந்த பெல்ஜிய மாணவருக்கு அது கிடையாது. கிராவியே கட்ட மறுத்தார். சேர்க்கை போயிற்று, தங்கும் அனுமதியும் சிக்கலானது. வழக்கு லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

காமிக்ஸ் வரைவது தொழிற்பயிற்சியா என்பதுதான் அங்கே கேள்வி. 1985 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒரு குறிப்பிட்ட தொழிலுக்கோ வேலைக்கோ ஆளைத் தயார் செய்கிற எந்தப் படிப்பும், எந்த வயதில் எந்த மட்டத்தில் படித்தாலும், தொழிற்பயிற்சிதான். ஆகவே அது ஒப்பந்தத்தின் எல்லைக்குள் வரும். உறுப்பு நாட்டு மாணவரிடம் வெளிநாட்டவர் என்பதற்காகத் தனிக் கட்டணம் வாங்குவது பாகுபாடு. இந்த விளக்கத்தின்படி பார்த்தால் பெரும்பாலான பட்டப்படிப்புகளும் தொழிற்பயிற்சிதானே! 1987-ல், மாணவர்களை வேறு உறுப்பு நாட்டுக்குச் சில காலம் படிக்க அனுப்பும் எராஸ்மஸ் திட்டம் நிறைவேறியபோது 128ஆம் பிரிவுதான் அதற்கு முக்கியச் சட்டப் பிடிமானம். முதல் ஆண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் போனார்கள். இன்று அதன் வாரிசான எராஸ்மஸ் பிளஸ்ஸுக்கு 2021 முதல் 2027 வரை ஒதுக்கியிருப்பது சுமார் 2,600 கோடி யூரோ.

கல்விக்கென்று தனிப் பிரிவு 1992-ல் கையெழுத்தான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில்தான் வந்தது. வந்தபோதே பூட்டோடு வந்தது. பாடத்தில் என்ன இருக்க வேண்டும், கல்வி அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது அந்தந்த நாட்டின் பொறுப்பு. ஒன்றியம் ஊக்கம் தரலாம், துணை நிற்கலாம், பரிந்துரைக்கலாம், ஆனால் நாடுகளின் சட்டங்களை ஒரே மாதிரி ஆக்கக்கூடாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். 1976-ல் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்குப் போனதையும், அதன் பிறகு நடந்த சண்டைகளையும் பார்த்துப் பழகிய தமிழ்நாட்டு வாசகருக்கு இது வினோதமாகத் தெரியலாம். தனித்தனி நாடுகள் ஒன்று சேர்ந்த அமைப்பு தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறது. என் பார்வையில் அந்தக் கட்டுதான் ஒத்துழைப்பைக் காப்பாற்றியது. “நம் பாடத்தில் கை வைத்துவிடுவார்கள்” என்ற பயம் இல்லாததால்தான் மற்ற எல்லாவற்றையும் பேச முடிந்தது.

இனி நம்பிக்கை பற்றி. சோஃபியா கொராதி என்ற இத்தாலியப் பெண் 1950-களின் கடைசியில் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டத்தில் முதுகலை முடித்து ரோமுக்குத் திரும்பினார். அங்கே படித்ததை இங்கே கணக்கில் சேர்க்கச் சொன்னபோது பல்கலைக்கழக அலுவலகத்தில் மறுத்துவிட்டார்கள். அந்த அவமானத்தில் தொடங்கிய அவரது நீண்ட பிரசாரம்தான் எராஸ்மஸுக்கு வித்துகளில் ஒன்று. இத்தாலியில் அவரை ‘எராஸ்மஸ் அம்மா’ என்றே சொல்வார்கள். கொராதி அனுபவித்தது நமக்குப் புதிதில்லை. வெளிநாட்டுப் பட்டத்துக்கு இணைத்தன்மைச் சான்றிதழ் வாங்க அலைந்தவர்களைக் கேளுங்கள். வெளிநாடு எதற்கு, தமிழ்நாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகம் கொடுத்த பட்டம் இன்னொரு பட்டத்துக்கு இணையா இல்லையா என்று உயர்கல்வித் துறை அரசாணை போட வேண்டியிருக்கிறது. பெயரில் ஒரு சொல் மாறியதால் அரசு வேலைக்குத் தகுதி போனவர்களும் உண்டு.

இதற்கு ஐரோப்பியர் செய்த மருந்து படிப்படியானது. முதலில் 1989-ல் ஒரு கிரெடிட் முறை. முழுநேரமாக ஓராண்டு படித்தால் 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பில் உட்கார்ந்த நேரம் மட்டும் இல்லை, வீட்டில் படித்தது, ஆய்வகம், தேர்வு எல்லாம் அதில் அடங்கும். போகும் முன்பே மாணவர், அனுப்பும் கல்லூரி, சேர்க்கும் கல்லூரி மூவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார்கள்: அங்கே இந்தப் பாடங்களைப் படிப்பேன், திரும்பி வந்ததும் இவ்வளவு கிரெடிட்டை நீங்கள் ஏற்றுக்கொள்வீர்கள் என்று. வெறும் படிவம்தான். ஆனால் கொராதிக்கு நேர்ந்தது இன்னொரு மாணவருக்கு நேராமல் பார்த்துக்கொள்வது அந்தப் படிவம்தான்.

அடுத்தது 1997-ல் ஐரோப்பா கவுன்சிலும் (இது ஒன்றியத்திலிருந்து வேறான அமைப்பு) யுனெஸ்கோவும் சேர்ந்து கொண்டுவந்த லிஸ்பன் உடன்படிக்கை. அதற்கு முன்பு “என் பட்டம் உங்கள் பட்டத்துக்குச் சமம்” என்று மாணவர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்குப் பிறகு “குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கிறது” என்று மறுக்கும் அலுவலகம்தான் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குப் போய்விட்டது. 1999-ல் 29 நாடுகள் இத்தாலியின் பொலோனியாவில் கையெழுத்திட்ட உயர்கல்விப் பிரகடனத்தைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். இளங்கலை, முதுகலை என்ற அடுக்குமுறை பரவியது அதனால்தான், மறுக்கவில்லை. ஆனால் மாணவரின் கையில் நேரடியாக உதவுவது லிஸ்பன் உடன்படிக்கைதான் என்பது என் கருத்து.

இதற்கும் ஒரு படி மேலே போனவர்கள் சின்ன நாடுகள். பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் மூன்றும் 2015-ல், எங்களுக்குள் ஒருவர் கொடுத்த இளங்கலை, முதுகலைப் பட்டத்தின் நிலையை மற்றவர் எந்த விசாரணையும் இல்லாமல் ஏற்றுக்கொள்வோம் என்று முடிவு செய்தன. விண்ணப்பம், கட்டணம், மாதக்கணக்கில் காத்திருப்பு எதுவும் இல்லை. 2018-ல் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா மூன்றும் தங்களுக்குள் இதையே செய்தன. பிறகு இந்த மூன்றும் அந்த மூன்றும் சேர்ந்து 2021-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தானாக ஏற்பது ‘நிலை’யை மட்டும்தான். லாட்வியாவின் ரிகாவில் வாங்கிய இளங்கலை ஆம்ஸ்டர்டாமில் இளங்கலைதான். அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் வேதியியலில் இளங்கலை முடித்தவரை வரலாறு முதுகலையில் சேர்க்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. அதேபோல, பட்டத்தை ஏற்பது வேறு, அந்தப் பட்டத்தை வைத்துத் தொழில் செய்ய விடுவது வேறு. இரண்டாவதற்குத் தனிச் சட்டம் உண்டு. 2005-ல் வந்த ஐரோப்பிய ஆணையின்படி மருத்துவர், செவிலியர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர், மருத்துவச்சி, மருந்தாளுநர், கட்டடக்கலைஞர் என்று ஏழு தொழில்களுக்கு மட்டும் தானியங்கி அங்கீகாரம். அதற்கு விலையாகக் குறைந்தபட்சப் பயிற்சி அளவை எல்லாரும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மருத்துவர் என்றால் குறைந்தது 5 ஆண்டு, 5,500 மணி நேரம். பொதுச் செவிலியர் என்றால் 3 ஆண்டு, 4,600 மணி நேரம். பாடத்தில் கை வைக்க மாட்டோம் என்றவர்கள் உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் மட்டும் மணி நேரம் எண்ணி வைத்திருக்கிறார்கள். அது நியாயம்தான்.

பட்டப்படிப்பு ஓரளவு தீர்ந்த கதை. தொழிற்பயிற்சிதான் தலைவலி. முதலில் திறந்த கதவு அதுதான், ஆனால் இன்னும் சரியாக உள்ளே நுழைய முடியாத அறையும் அதுதான். 2002-ல் கோபன்ஹேகனில் 31 நாடுகள் கூடி தொழிற்பயிற்சிக்கும் பொலோனியா போல ஒன்றைத் தொடங்கின. 2008-ல் எட்டு நிலைகள் கொண்ட ஐரோப்பியத் தகுதிச் சட்டகம் வந்தது. ஒவ்வொரு நாடும் தன் சான்றிதழ்களை அந்த எட்டு படிகளில் எங்கே வைப்பது என்று தானே முடிவு செய்து அறிவிக்க வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஜெர்மனியில் இது என்ன பாடு பட்டது தெரியுமா? அங்கே பள்ளி இறுதித் தேர்வான அபிட்டூர் என்பது பல்கலைக்கழகத்துக்கு நுழைவுச் சீட்டு. மாநிலக் கல்வி அமைச்சர்கள் அதை ஐந்தாம் படியில் வைக்க வேண்டும் என்றார்கள். கைத்தொழில் சங்கங்களும் வணிகச் சங்கங்களும் கொதித்துப்போயின. மூன்று, மூன்றரை ஆண்டு ஒரு கம்பெனியில் அப்ரண்டிஸாக உழைத்து, தொழிற்சங்கமும் முதலாளிகளும் சேர்ந்து நடத்தும் தேர்வில் தேறியவனை நான்காம் படியில் நிறுத்தி, பள்ளிக்கூடம் மட்டும் போனவனை அவனுக்கு மேலே உட்கார வைப்பதா? கடைசியில் 2012-ல் ஒரு சமரசம்: அபிட்டூரை எந்தப் படியிலும் வைக்காமல் வெளியே விட்டுவிட்டார்கள். பல ஆண்டு கழித்துத்தான் அதுவும் நான்காம் படிக்கு வந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வேறு. ஜெர்மனியில் ‘மைஸ்டர்’ என்ற தலைமைக் கைவினைஞர் பட்டம் வாங்கிய தச்சரோ பேக்கரிக்காரரோ ஆறாம் படியில் இருக்கிறார். பல்கலைக்கழக இளங்கலைக்காரரும் அதே ஆறாம் படிதான். நம் ஊரில் ஐ.டி.ஐ. முடித்து இருபது வருடம் பட்டறை நடத்தியவரை பி.இ. படித்தவருக்குச் சமம் என்று அரசு எழுதிக் கொடுப்பதை யோசித்துப் பாருங்கள்.

பல்கலைக்கழகத்தில் வெற்றி பெற்ற கிரெடிட் முறையைத் தொழிற்பயிற்சிக்கும் கொண்டுவர 2009-ல் ஒரு முயற்சி நடந்தது. அது எடுபடவில்லை, 2020-ல் வந்த புதிய பரிந்துரையில் கைவிட்டுவிட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக் கடினமில்லை. கல்லூரிப் பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி எண்ணிக்கை போடலாம். அப்ரண்டிஸ் ஒருவர் ஒரு முதலாளியோடு மூன்று வருட ஒப்பந்தத்தில் இருக்கிறார், சம்பளம் வாங்குகிறார், கடைசியில் மொத்தமாக ஒரு தேர்வு எழுதுகிறார். அதில் எந்தத் துண்டை எடுத்து எந்த நாட்டுக் கணக்கில் சேர்ப்பது?

ஆகவே தொழிற்பயிற்சியில் உருப்படியாக நடந்தவை பெரும்பாலும் எல்லையோர ஊர்களில், இரண்டு பேர் மட்டும் பேசி முடித்தவை. ரைன் ஆற்றின் இந்தப் பக்கம் பிரான்சின் அல்சாஸ், அந்தப் பக்கம் ஜெர்மனியின் பாடன். அல்சாஸில் இளைஞர்களுக்கு வேலை கிடைப்பது சிரமம். எதிர்க்கரையில் அப்ரண்டிஸ் கிடைக்காமல் கம்பெனிகள் தவித்தன. 2013-ல் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். பையன் பாடத்தை பிரான்சில் உள்ள பயிற்சி மையத்தில் தன் மொழியில் படிப்பான். வேலையை ஜெர்மன் கம்பெனியில் கற்றுக்கொள்வான். சம்பளம் ஜெர்மன் முதலாளி தருவார். கடைசியில் பிரெஞ்சுச் சான்றிதழ் கிடைக்கும். பாடத்திட்டம் எதையும் யாரும் மாற்றவில்லை. அடுத்த கரையில் உள்ள பட்டறையைத் தன் பட்டறையாக ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2018-ல் பிரான்ஸ் தன் அப்ரண்டிஸ் சட்டத்தை மாற்றியது, எல்லை விவகாரத்தை மனத்தில் வைக்காமலேயே. அதுவரை பயிற்சி மையத்தின் செலவை மண்டல அரசு பார்த்துக்கொண்டது. புதிய சட்டத்தில் அந்தப் பொறுப்பு மண்டலத்திடமிருந்து எடுக்கப்பட்டு, முதலாளிகளின் பங்களிப்பில் நடக்கும் துறைவாரி அமைப்புகளிடம் போனது. ஜெர்மன் முதலாளிக்கு பிரான்சில் அப்படி ஓர் அமைப்பே இல்லை. அவரிடம் வேலை கற்கும் பையனுக்கு யார் ஃபீஸ் கட்டுவது? ஒருவரும் இல்லை. இதைச் சரிசெய்ய 2022-ல் பிரான்சில் சட்டத் திருத்தம், பிறகு 2023 ஜூலையில் எல்லையோர ஊரான லவுட்டர்பூரில் இரண்டு நாடுகளும் தனி ஒப்பந்தம். ஒரு நாட்டில் யாரோ வரிப்பணத்தின் பாதையைத் திருப்பியதால் நின்ற திட்டத்தைத் தூக்கி நிறுத்த ஐந்து வருடம் ஆனது. பக்கத்து நாட்டு ஒத்துழைப்பு உடைவது இப்படித்தான். பெரும்பாலும் சண்டையே இருக்காது. உள்நாட்டுச் சட்டம் எழுதும்போது பக்கத்து வீட்டுக்காரன் நினைவுக்கு வராததுதான்.

பணம் என்று வந்துவிட்டதால் அதையும் முடித்துவிடுகிறேன். மாணவர்கள் இரண்டு பக்கமும் சமமாகப் போய் வந்தால் கணக்கு நேராகிவிடும். ஆனால் ஒரே மொழி பேசும் பெரிய நாட்டுக்குப் பக்கத்தில் சின்ன நாடு இருந்தால்? ஆஸ்திரியாவுக்கு அதுதான் நேர்ந்தது. ஜெர்மனியில் மருத்துவப் படிப்புக்குக் கட்-ஆஃப் மிகக் கடுமை. ஆஸ்திரியாவில் அப்போது பள்ளி இறுதித் தேர்வு தேறினாலே சேரலாம். வெளிநாட்டவர் மட்டும், தன் சொந்த நாட்டில் அந்தப் படிப்புக்கு இடம் கிடைக்கும் தகுதி இருப்பதைக் காட்ட வேண்டும் என்று ஆஸ்திரியா ஒரு நிபந்தனை வைத்திருந்தது. 2005 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் அது பாகுபாடு என்று அடித்துவிட்டது. உடனே இன்ஸ்ப்ரூக்கிலும் வியன்னாவிலும் ஜெர்மன் மாணவர்கள் குவிந்தார்கள். படித்து முடித்ததும் ஊருக்குப் போய்விடுவார்கள். ஆஸ்திரியாவுக்கு மருத்துவர் பற்றாக்குறை வரும் என்ற பயம். 2006-ல் ஒதுக்கீடு கொண்டுவந்தார்கள்: 75 விழுக்காடு ஆஸ்திரியாவில் பள்ளி முடித்தவர்களுக்கு, 20 ஒன்றியத்தின் மற்ற நாடுகளுக்கு, 5 மற்றவர்களுக்கு. பல வருட இழுபறிக்குப் பிறகு 2017-ல் மருத்துவத்துக்கு மட்டும் இருக்கட்டும், பல் மருத்துவத்துக்கு எடுத்துவிடுங்கள் என்று ஐரோப்பிய ஆணையம் விட்டுக்கொடுத்தது.

பெல்ஜியத்தின் பிரெஞ்சு மொழிப் பகுதியிலும் இதே கதைதான். கால்நடை மருத்துவம், பிசியோதெரபி படிக்க பிரான்சிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தார்கள். 2006-ல் வெளியூர்க்காரர்களுக்கு 30 விழுக்காடு என்று வரம்பு வைத்து, அதற்கு மேல் விண்ணப்பம் வந்தால் குலுக்கல் போட்டார்கள். ஆமாம், சீட்டுக் குலுக்கல்தான். கிராவியே ஜெயித்த அதே நாட்டில், இருபது வருடம் கழித்து.

டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நார்டிக் நாடுகள் இதைக் கொஞ்சம் மரியாதையாகக் கையாண்டன. 1996-ல் போட்ட ஒப்பந்தத்தின்படி ஒரு நார்டிக் நாட்டு மாணவர் மற்ற நாட்டில் உள்ளூர் மாணவர் போலவே சேரலாம். கூடவே, எந்த நாட்டு மாணவர்கள் அதிகமாக வெளியே போய்ப் படிக்கிறார்களோ அந்த நாடு படிக்க வைக்கும் நாட்டுக்கு ஈட்டுத்தொகை தரவேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். ஐஸ்லாந்து சின்ன நாடு என்பதால் அதற்கு விலக்கு. பேரம் இல்லாமல் இல்லை. ஆனால் பில் யார் பெயரில் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. வழக்கு, குலுக்கல், ஒதுக்கீடு எல்லாவற்றையும் விட இது நல்ல வழி என்றுதான் நினைக்கிறேன்.

அந்த வட கோடியில் இன்னும் இரண்டு இடங்களைச் சொல்லாமல் விட மனமில்லை. டோர்ன் ஆற்றின் முகத்துவாரத்தில் ஸ்வீடனின் ஹப்பராண்டாவும் பின்லாந்தின் டோர்னியோவும் ஏறக்குறைய ஒரே ஊர். நடுவில் நாட்டு எல்லை, கடிகாரத்தில் ஒரு மணி நேர வித்தியாசம். 1989-ல் இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு மொழியிலும் படிக்க ஹப்பராண்டாவில் ஒரு மொழிப்பள்ளி தொடங்கினார்கள். டோர்னியோ வீட்டில் காலை 9 மணி என்றால் பள்ளிக்கூடச் சுவரில் 8 மணி. அதே ஆற்றில் வடக்கே போனால் ஓவர்டோர்னியோ என்ற சின்ன ஊர். ஸ்வீடன், பின்லாந்து, நார்வே மூன்றும் தங்கள் வட பகுதிகளில் வேலை இல்லாத பெரியவர்களுக்காக அங்கே ஒரே பயிற்சி மையத்தை அமைத்தன. ஒவ்வொரு நாடும் தனக்கு வேண்டிய இடங்களுக்குப் பணம் கட்டி ஆளை அனுப்பியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு ஆள் நடமாட்டம் குறைந்த பகுதியில் ஆளுக்கொரு வெல்டிங் பட்டறை கட்டுவதற்குப் பதில் ஒன்றைக் கட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

ஒன்றிய மட்டத்தில் இலக்கு வைப்பது, புள்ளிவிவரம் ஒப்பிடுவது எல்லாமும் உண்டு. படிப்பைப் பாதியில் நிறுத்தும் இளைஞர்கள் 2030-க்குள் 9 விழுக்காட்டுக்குக் கீழே வர வேண்டும் என்பது போல. தவறினால் தண்டனை இல்லை. பக்கத்து நாட்டைப் பார்த்து வெட்கப்பட்டால் உண்டு. கல்வி அமைச்சர்கள் வெட்கப்படுவதும் உண்டுதான், ஆனால் அதை நம்பி அதிகம் எழுத ஒன்றுமில்லை.

இப்போது நம் பக்கம். தெற்காசியாவில் எதுவும் இல்லை என்பது முழு உண்மையில்லை. 2007-ல் சார்க் நாடுகள் ஒப்பந்தம் செய்து 2010-ல் டெல்லியில் தென்னாசியப் பல்கலைக்கழகம் தொடங்கின. அதன் பட்டத்தை எட்டு நாடுகளும் ஏற்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் உள்ளது. வளாகம் கட்டும் செலவு இந்தியாவுடையது. முன்பு சாணக்யபுரியில் தற்காலிக இடத்தில் நடந்து, இப்போது மைதான் கர்ஹியில் சொந்த வளாகத்துக்கு வந்துவிட்டது. நல்ல முயற்சிதான். ஆனால் 2014-ல் காத்மாண்டுவில் நடந்ததற்குப் பிறகு சார்க் உச்சி மாநாடே கூடவில்லை. விசா என்பது தனிக் கதை.

என் விமர்சனம் வேறு இடத்தில். எட்டு நாடுகள் சேர்ந்து புதிதாக ஒரு பல்கலைக்கழகம் கட்டுவது எளிது. ஏற்கெனவே இருக்கும் நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்களின் பட்டத்தை ஒருவருக்கொருவர் ஏற்பதுதான் கடினம். ஐரோப்பியர் முதலில் தொட்டது கடினமானதை. நாம் திறப்பு விழா நடத்த வசதியானதைத் தொட்டோம். நேபாளத்திலும் வங்கதேசத்திலும் எம்.பி.பி.எஸ். படித்துவிட்டு வரும் இந்திய மாணவர்கள் இங்கே மறுபடியும் தகுதித் தேர்வு எழுத வேண்டும். இலங்கையிலும் வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்குத் தனித் தேர்வு உண்டு. தேர்வு வைப்பதைக் குறை சொல்லவில்லை. நம்பிக்கை இல்லாதபோது அது தேவைதான். இத்தனை மணி நேரம், இன்னின்ன பயிற்சி என்று குறைந்தபட்ச அளவை உட்கார்ந்து பேசி, அதைச் சோதிக்க ஒரு வழியும் வைத்தால் அந்தத் தேர்வுக்கு வேலை குறையும். அந்தப் பேச்சைத்தான் யாரும் தொடங்கவில்லை.

எங்கே தொடங்கலாம் என்று கேட்டால், மருத்துவத்தில் வேண்டாம் என்பேன். அங்கே பணமும் கௌரவமும் அதிகம், யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கைத்தொழிலில் தொடங்கலாம். இலங்கையில் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழில் தகைமைக்கு ஏழு நிலைகள். இந்தியாவில் 2013-ல் பத்து நிலைகளோடு வந்த திறன் தகுதிச் சட்டகத்தை 2023-ல் எட்டாகக் குறைத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து இந்தப் படி அந்தப் படிக்குச் சமம் என்று ஓர் அட்டவணை போடுவது அதிகாரிகளுக்குச் சில மாத வேலை. ஆனால் அட்டவணை மட்டும் போதாது. யாழ்ப்பாணத்தில் என்.வி.கியூ. நான்காம் நிலை முடித்த எலெக்ட்ரீஷியனை மதுரையில் ஒரு காண்ட்ராக்டர் வேலைக்கு எடுக்க வேண்டுமென்றால், அங்கே செய்முறைத் தேர்வை யார் நடத்தினார், என்னென்ன செய்து காட்டச் சொன்னார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். இரண்டு பக்கத்துத் தேர்வாளர்களும் ஒருவர் தேர்வில் மற்றவர் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எல்லாத் தொழிலுக்கும் வேண்டாம், முதலில் வெல்டிங், வயரிங், குளிர்சாதனம் மூன்றுக்கு மட்டும் போதும். போக்குவரத்துச் செலவை யார் ஏற்பது என்பதையும் அந்த ஒப்பந்தத்தின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.